எங்கள் ஊரின் 2050 போக்குவரத்துத் திட்டமும் என் பத்து மாதமும்

அமெரிக்காவில் நடுத்தரமான ஒரு நகரத்தில் பதினோரு வருடமாக இருக்கிறோம். இந்த ஊர் நகராட்சிக்குப் போக்குவரத்து ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. சம்பளம் கிடையாது. மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஏழு பேர் கூடி, பள்ளிக்கூடத்துப் பக்கம் சிக்னல் வேண்டும், இந்தத் தெருவில் வேகத்தடை வேண்டும் என்று வருகிற மனுக்களைப் படித்து கவுன்சிலுக்குச் சிபாரிசு செய்வோம். போன வருடம் ஜனவரியில் நகராட்சியின் போக்குவரத்து பிளானர் வேலையை விட்டுப் போனார். அடுத்த மாதமே, 2050 வரைக்குமான மண்டலப் போக்குவரத்துத் திட்டத்துக்கு எங்கள் ஊரின் கருத்தை எழுதித் தர வேண்டும், யார் செய்கிறீர்கள் என்று கவுன்சிலிலிருந்து கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். அந்த நிமிடத்திலிருந்து நவம்பர் வரை நடந்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் என்றைக்காவது ஒரு நாள் இப்படிக் கேட்பார்கள். அப்போது நான் பட்டது உங்களுக்கு வேண்டாம்.

நான் கை தூக்கியதற்குக் காரணம் ஒரு மேம்பாலம். எங்கள் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை போகிறது. மேற்கே அபார்ட்மெண்ட்கள், கிழக்கே குடோன்கள். நடந்து கடக்க இரண்டு மைலுக்குள் அந்த ஒரு பாலம்தான் வழி. அதில் நடைபாதை இல்லை. ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கும் கான்கிரீட் சுவருக்கும் நடுவே இரண்டடி இடம், அவ்வளவுதான். ஒரு டிசம்பர் காலை, இன்னும் விடியவில்லை, நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரு பெண் அந்த இரண்டடியில் நடந்து வந்தார். ஆரஞ்சு நிற வேலைச் சட்டை. போன் டார்ச்சை முன்னால் காட்டாமல் முதுகுக்குப் பின்னால், வருகிற வண்டிக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்திருந்தார். ஒரு டிரக் என்னைத் தாண்டிப் போனதும் அவர் நின்று, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்துக்கொண்டார். டிரக் போன பிறகு கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி நடந்தார். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. இந்தப் பாலத்தில் நடக்க ஒரு வழி வேண்டும் என்பது மட்டுமே என் மனசில் இருந்தது. திட்டம் என்றால் என்ன, அது எப்படி உருவாகிறது, பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒன்றுமே தெரியாது.

முதல் தப்பு, கருத்து என்றால் கடிதம் என்று நினைத்தது. செப்டம்பரில் டிராஃப்ட் வெளிவரும், 30 நாள் மக்கள் கருத்துக் கேட்பார்கள் என்று அறிவிப்பில் இருந்தது. சரி, ஏழு மாதம் இருக்கிறதே, நன்றாகத் தயார் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எழுத ஆரம்பித்தால் பன்னிரண்டு ஆகிவிடும். பாலம், பஸ், சைக்கிள் பாதை, ரயில்வே கேட் என்று நாற்பது பக்கம் எழுதினேன். ஜூலையில் தற்செயலாக, இந்தத் திட்டத்தைப் போடுகிற மண்டல அமைப்பின் ஒரு கூட்டத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது, திட்டத்தில் சேர்க்க வேண்டிய வேலைகளை ஒவ்வொரு ஊரும் மார்ச் 31-க்குள் விண்ணப்பமாகக் கொடுத்திருக்க வேண்டும் என்று. அந்த அழைப்பு எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறது, வேலையை விட்டுப்போன பிளானரின் மெயில் பெட்டிக்கு. யாரும் திறந்து பார்க்கவில்லை. பக்கத்து ஊர்கள் கொடுத்த வேலைகளுக்கு மார்க் போட்டு, வரிசைப்படுத்தி, டிராஃப்டே முக்கால்வாசி முடிந்திருந்தது. கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதேன். கோபமா துக்கமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். டிராஃப்ட் வெளியாகும் தேதியைக் கேட்காதீர்கள். விண்ணப்ப அழைப்பு எப்போது, மார்க் போடும் முறை எப்போது முடிவாகிறது, மக்கள்தொகைக் கணக்கு எப்போது உறுதியாகிறது என்று மூன்று தேதிகளைக் கேளுங்கள். மூன்றுமே மக்கள் கருத்துக்குப் பல மாதம் முன்னால் நடந்து முடிந்துவிடும். இன்னொன்று, உங்கள் ஊரின் சார்பில் மண்டல அமைப்பில் பதிவாகியிருக்கும் தொடர்பு மெயில் யாருடையது என்று இன்றைக்கே விசாரியுங்கள். ஆள் மாறினாலும் மெயில் மாறாது. இந்தச் சின்ன விஷயம் எங்கள் ஊருக்கு ஒரு முழுச் சுற்றைத் தின்றுவிட்டது.

இந்த மண்டல அமைப்பு என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. 1962-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறங்களில் மத்திய அரசின் சாலைப் பணம் வர வேண்டுமென்றால் மாநிலமும் உள்ளூர் அரசுகளும் சேர்ந்து, தொடர்ச்சியாகத் திட்டம் போட வேண்டும் என்றது. அதற்காக இருக்கும் அமைப்பைத்தான் இங்கே எம்.பி.ஓ. என்கிறார்கள். அது குறைந்தது 20 வருடத்துக்கான திட்டம் போட வேண்டும். காற்று மாசு வரம்பைத் தாண்டிய பகுதிகளில் 4 வருடத்துக்கு ஒருமுறை, மற்ற பகுதிகளில் 5 வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள்ளே டிப் என்று சொல்கிற நாலு வருடச் செலவுப் பட்டியல் ஒன்று தனியாக உண்டு. நீண்டகாலத் திட்டத்தோடு ஒத்துப்போகாத வேலை டிப்பில் ஏற முடியாது, டிப்பில் ஏறாத வேலைக்கு மத்திய அரசின் பணம் வராது. அதாவது 2050 என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது தூரத்து விஷயம் இல்லை. அடுத்த நாலு வருடத்தில் எங்கே கான்கிரீட் விழும் என்பதற்கு அதுதான் முதல் படி. முதல் மாதமே இது தெரிந்திருந்தால் அந்த நாற்பது பக்கத்தை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

என் சொந்தப் பணம் போன கதையும் இதில் இருக்கிறது. பாலத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை வண்டி போகிறது என்று ஒரு எண்ணிக்கைகூட நகராட்சியிடம் இல்லை. பட்ஜெட்டில் இடமில்லை என்றார்கள். போகட்டும் என்று நானே 1,400 டாலர் கொடுத்து ஒரு கம்பெனியை வைத்து ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு நாள் எண்ணச் சொன்னேன். அழகான ரிப்போர்ட் வந்தது. ஆகஸ்டில் அதை மண்டல அமைப்பின் இன்ஜினியரிடம் நீட்டினேன். தேதியைப் பார்த்தார், காலண்டரைத் திறந்தார், "இது வசந்த விடுமுறை வாரம், பள்ளிக்கூடம் இல்லை, இதை எடுத்துக்கொள்ள முடியாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், தப்பும் அவர்மேல் இல்லை. பள்ளி நடக்கிற வாரத்தில், செவ்வாய், புதன், வியாழன் இவற்றில் ஒரு நாளில்தான் எண்ண வேண்டுமாம். எந்த நேரம், எத்தனை மணிநேரம் என்பதற்கும் அவர்களிடம் ஒரு பக்க விதிமுறை இருந்தது. கேட்டிருந்தால் இலவசமாகக் கொடுத்திருப்பார்கள். காசு செலவழிக்கும் முன் அந்த ஒரு பக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் இப்போதும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

இந்த நேரத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார், ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போக. ராத்திரி நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார், "ஏன் கண்ணு, ஆபீஸ் வேலையா இது?" இல்லம்மா, ஊர் வேலை என்றேன். "ஊர் வேலைன்னா ஊர்ல நாலு பேரு கூட இருக்கணும்ல? நீ ஒத்தையா உக்காந்து எழுதிட்டு இருக்கே." பதில் சொல்ல வரவில்லை. நிஜமாகவே குழுவில் மற்ற ஆறு பேரிடம் நான் உதவி கேட்கவே இல்லை. இதை எழுத்து வேலையாகவே நினைத்துவிட்டேன். அம்மாவோடு வெளியே போக வைத்திருந்த பதினோரு நாள் லீவும் கூட்டங்களுக்கே போனது. அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அதிகம் தெரிந்துகொண்டது டெக்னிக்கல் கமிட்டியில். மண்டல அமைப்பில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே மேயர்களும் கவுன்சிலர்களும் உட்காரும் போர்டு. அங்கே கேமரா இருக்கும், மக்கள் மூன்று நிமிடம் பேசலாம். கீழே ஒவ்வொரு ஊரின் இன்ஜினியரும் பிளானரும் உட்காரும் டெக்னிக்கல் கமிட்டி; வேலை நாளில் காலை ஒன்பதரைக்குக் கூடும், பார்வையாளர் நாற்காலியில் பெரும்பாலும் நான் மட்டும்தான். எங்கள் ஊரின் பெயர்ப்பலகை மேஜைமேல் இருந்தது, பின்னால் நாற்காலி காலி. ஜனவரியிலிருந்தே காலி. போர்டுக்குப் போகும்போது ஏறக்குறைய எல்லாமே முடிவாகிவிடுகிறது, முடிவாவது இந்த அறையில். மார்க் போடும் முறையில் நெரிசல் குறைவதற்கு முப்பது, நடப்பவர்களின் பாதுகாப்புக்குப் பத்து என்று இதே அறையில் பிப்ரவரியில் பேசி முடித்திருக்கிறார்கள். எங்கள் ஊரின் ஆள் அங்கே இருந்து அந்தப் பத்தைப் பதினைந்தாக்கச் சொல்லியிருந்தால், அது என் நாற்பது பக்கத்தைவிடப் பெரிய காரியம். உங்கள் ஊரின் இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்று உறுப்பினரை நியமிக்கச் சொல்லி கவுன்சிலை நச்சரியுங்கள். வேறு எதுவும் முடியாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்துவிடுங்கள்.

அந்த அறையில்தான் சோன் 412-ஐப் பார்த்தேன். நாளைக்கு எந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் வரும் என்று கணிக்க ஒரு கம்ப்யூட்டர் மாடல் வைத்திருக்கிறார்கள். ஊரைச் சின்னச் சின்ன சோன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, எத்தனை வேலை என்று கொடுத்தால், எத்தனை பயணம் கிளம்பும், எங்கே போகும், காரிலா பஸ்ஸிலா, எந்த ரோட்டில் என்று நாலு படியாகக் கணக்குப் போடும். 2050-க்கு ஒரு அட்டவணையைப் பின்னால் இணைத்திருந்தார்கள். சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். பாலத்துக்கு மேற்கே இருக்கும் சோன் 412, வீடுகள்: 38. மறுபடி பார்த்தேன். அந்த இடத்தில் ஏற்கெனவே மூன்று பெரிய அபார்ட்மெண்ட் வளாகங்கள் இருக்கின்றன; எங்கள் பையனின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அங்கிருந்துதான் வருகிறார்கள். எட்டு வருடத்துக்கு முன் அந்த நிலம் காலியாக இருந்தபோது கொடுத்த எண்ணை யாரும் மாற்றவில்லை. அங்கே ஆளே இல்லை என்று மாடல் நம்பிக்கொண்டிருந்தது. அப்புறம் பாலத்தில் நடப்பவர்கள் எங்கிருந்து வருவார்கள்? கண்ணால் பார்த்த அந்தப் பெண் கணக்கில் இல்லவே இல்லை என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

நகராட்சியின் கட்டட அனுமதி ரிஜிஸ்டரை எடுத்து சோன் வாரியாக எண்ண எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. அம்மா சொன்னது நினைவிருந்ததால் இந்த முறை குழுவில் இருவரைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரின் இருபத்தாறு சோன்களில் ஐந்தில் எண் தப்பாக இருந்தது. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மாடலுக்குள்ளே என்ன நடக்கிறது என்று புரிய வேண்டியதில்லை, அதற்குப் போகிற எண் சரியா என்று பார்க்க ஊரைத் தெரிந்தால் போதும். திருத்தத்தை அனுமதி எண்ணோடும் தேதியோடும் சேர்த்துக் கொடுங்கள். இங்கே நிறைய வீடு இருக்கிறது என்று வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

பணக் கணக்கில் நான் தடுக்கி விழுந்தது தனி. 1991-ல் வந்த சட்டத்திலிருந்து, திட்டத்தில் போடும் எல்லா வேலைகளுக்கும் வரக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்கிற வருமானத்தைக் காட்ட வேண்டும். ஆசைப்பட்டதை எல்லாம் எழுதி வைக்க முடியாது. ஒரு வேலையை உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால் எதை வெளியே எடுப்பது, அல்லது புதுப் பணம் எங்கே என்று சொல்ல வேண்டும். அதுவும் இன்றைய விலையில் இல்லை, செலவாகப்போகும் வருடத்து விலையில். நான் பாலத்துக்குப் பக்கத்தில் தனி நடைமேம்பாலத்துக்கு 90 லட்சம் டாலர் என்று எழுதியிருந்தேன். வருடம் 4 சதவீதம் விலை ஏறினால் பதினைந்து வருடத்தில் அது 1 கோடியே 62 லட்சம். மத்திய அரசு பொதுவாக 80 சதவீதம்தான் கொடுக்கும். மீதி 20 சதவீதம், அதாவது 32 லட்சத்துக்கு மேல், எங்கள் ஊர் போட வேண்டும். கவுன்சிலிடம் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. போதாக்குறைக்குப் பாலம் மாநில நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். அவர்களின் சம்மதக் கடிதம் இல்லாமல் விண்ணப்பமே நிற்காது. சொத்து யாருடையது என்ற கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

செப்டம்பர் டிராஃப்டில் எங்கள் பாலம் இல்லை. அக்டோபரில் கவுன்சில் தீர்மானம் போட்டு, நாற்பது பக்கத்தை மூன்று பக்கமாகச் சுருக்கி அனுப்பினோம். அதற்கே அஜெண்டாவில் இடம் பிடிக்க மூன்று வாரம் ஆனது. கருத்துக் காலம் 30 நாள் என்றால் உங்களுக்குக் கிடைப்பது நிஜத்தில் ஒரு வாரம்தான், வரைவுத் தீர்மானத்தை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டிராஃப்டுக்கு வரும் முக்கியமான கருத்துகளின் சுருக்கத்தையும் அவற்றை என்ன செய்தார்கள் என்பதையும் இறுதித் திட்டத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து, இன்ன பக்கத்தில் இன்ன அட்டவணையில் இதை இப்படி மாற்றுங்கள் என்று எழுதினோம். அப்படி எழுதிய நாலுக்கும் தனித்தனியாகப் பதில் வந்தது. பொதுவாக, மனசைத் தொடுகிற மாதிரி நான் எழுதிய முதல் பாராவுக்குக் கிடைத்தது "கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது" என்ற ஒரு வரி. பத்து மாத ராத்திரிகளுக்கு அந்த ஒரு வரி. அதைப் படித்தபோது வலித்தது.

நாலில் இரண்டு கிடைத்தன. ஐந்து சோன்களும் அடுத்த மாடலில் திருத்தப்படும் என்று எழுத்தில் வாங்கினோம். பாலத்தை, பணம் கிடைத்தால் பார்க்கலாம் என்ற தனிப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கு நிதி ஒதுக்கீடு கிடையாது, ஆனால் பெயராவது அச்சில் வந்தது. நவம்பரில் போர்டு ஒட்டுமொத்தமாகக் கை தூக்கித் திட்டத்தை நிறைவேற்றியது. மூன்று நிமிடம் பேசினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

மனசு விட்டுப்போன அந்த வாரத்தில், போர்ட்லண்டில் மவுண்ட் ஹூட் ஃப்ரீவே என்று திட்டமிட்டிருந்த நெடுஞ்சாலையை 1974-ல் நகரமே வேண்டாம் என்று சொன்னதையும், அந்தப் பணத்தில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்த லைட் ரயில் 1986-ல் ஓட ஆரம்பித்ததையும் படித்தேன். வரைபடத்தில் போட்ட கோட்டை ஒரு ஊர் அழித்திருக்கிறது, பன்னிரண்டு வருடம் ஆனாலும் வேறு ஒன்றை வாங்கியிருக்கிறது. எனக்கு அது பிடிமானமாக இருந்தது.

அந்த நவம்பர் போர்டு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மாநிலத் துறையின் இன்ஜினியர் ஒருவர் நிறுத்தி, தனிப் பாலம் எதற்கு, இருக்கிற தளத்திலேயே பாருங்களேன் என்றார். நாலு லேனும் தலா பன்னிரண்டு அடி. ஒவ்வொன்றிலும் ஓரடி குறைத்தால் நாலடி, ஓரத்தில் இருக்கிற இரண்டடியோடு ஆறடி. தடுப்புச் சுவர் போக ஒருவர் தள்ளுவண்டியோடு நடக்க இடம் மிஞ்சும். பெரிய வேலை இல்லை என்பதால் இதைத் தனியாகப் பெயர் சொல்லித் திட்டத்தில் ஏற்ற வேண்டியதில்லை. சிறு பாதுகாப்பு வேலைகள் என்று ஒரே தலைப்பில் சேர்த்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. பாதுகாப்பு நிதியில் மத்திய அரசின் பங்கு 90 சதவீதம் வேறு. பிப்ரவரியிலேயே அவரிடம் போய்க் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். நான் நேராக எழுத உட்கார்ந்துவிட்டேன், கேட்க யாரிடமும் போகவில்லை.

இப்போது நான் டெக்னிக்கல் கமிட்டியில் எங்கள் ஊரின் மாற்று உறுப்பினர். புது பிளானர் வந்துவிட்டார், அவர் வர முடியாத நாளில் அந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். விண்ணப்பத்துக்கு எண்ணிக்கை வேண்டும் என்பதால் போன செவ்வாய்க்கிழமை, பள்ளி நடக்கிற வாரம் என்று காலண்டரில் பார்த்துவிட்டு, காலை ஐந்து மணிக்குக் குழுவிலிருந்து இரண்டு பேரோடு பாலத்தின் மேற்கு முனையில் நின்றேன். ஒருவர் வண்டிகளை எண்ணினார், ஒருவர் நேரம் எழுதினார், நான் கையில் கிளிக்கர். ஏழு மணி வரைக்கும் 63 பேர் நடந்து போனார்கள். முப்பத்தெட்டு வீடு என்று எழுதியிருந்த அந்த சோனிலிருந்துதான் பெரும்பாலானவர்கள் வந்தார்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரரை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன், அன்றைக்கு அவர் வரவில்லை. அடுத்த எண்ணிக்கை வருகிற புதன்கிழமை.